டிங்... டிங்... கிளஸ்டர் கூப்பிடுது!

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் பதினேழு, வடிவேலு மீம் நாற்பது, 'நோட்ஸ் இருக்கா மச்சி' எட்டு... இதுக்கு நடுவுல எங்கேயோ, 'நாளைக்கு முதல் ஹவர் இன்டர்னல்'னு ரெப் போட்ட ஒத்தை மெசேஜ்! அது வந்தது உண்மை. நீங்க பார்க்கலைங்கிறதும் உண்மை. இதே கதை 2012-ல அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் நடந்திருக்கு. நஷ்டம்தான் கொஞ்சம் ஜாஸ்தி... 46 கோடி டாலர்!

நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். புது சாஃப்ட்வேரை எட்டு சர்வர்ல ஏத்தணும். ஏழில் ஏத்திட்டாங்க, எட்டாவது விட்டுப்போச்சு. அந்த ஒரு சர்வர்ல, 'பவர் பெக்'னு பல வருஷமா தூங்கிட்டிருந்த பழைய கோடு முழிச்சுக்கிச்சு. 2012 ஆகஸ்ட் 1, காலை 9.30 மணிக்கு மார்க்கெட் திறந்ததும் தாறுமாறா வாங்க, விற்க ஆரம்பிச்சது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிஞ்சுபோச்சு. கொடுமை என்னன்னா, காலை 8.01-ல இருந்தே சிஸ்டம் மெயில் அனுப்பிட்டே இருந்திருக்கு. 'பவர் பெக்' பேரைப் போட்டே, மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடி 97 மெயில்! அந்த மெயில்களை எச்சரிக்கையா யாரும் வடிவமைக்கலை, பொதுவா யாரும் அதைப் படிக்கிறதும் இல்லைன்னு, அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல போட்ட உத்தரவில் எழுதியிருக்கு.

இந்தக் கதை இப்போ எதுக்கு? கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் இருக்கிற மக்கள் பல பேருக்கு இப்போ ஃபைனல் இயர் புராஜெக்ட்லயே கன்டெய்னர், கிளஸ்டர்னு வந்துடுச்சு. 'கிளஸ்டர்ல எது நடந்தாலும் என் போனுக்கு மெசேஜ் வந்துடும் சார்'னு வைவாவில் காலரைத் தூக்கி விட்டுக்கிறதும் சகஜம். மெசேஜ் வர வைக்கிறது சுலபம், பாஸ். ஒரு சாயங்காலம் போதும். வர்ற மெசேஜை ஒரு ஆள் படிச்சு எழுந்திருக்க வைக்கிறதுதான் வேலை!

முதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 'என் லேப்டாப்ல ஓடுச்சு சார், இங்கேதான் ஓடலை'ங்கிற டயலாக்கைச் சொல்லாத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் உண்டா? அதுக்கு மருந்துதான் கன்டெய்னர். புரோகிராமையும் அதுக்குத் தேவையான லைப்ரரி, செட்டிங் எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டிடறது. 2013-ல வந்த டாக்கர் இதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோச்சு. ஒண்ணு ரெண்டு பொட்டலம்னா நாமே பார்த்துக்கலாம். நூறு பொட்டலம், பத்து மெஷின்னா? எது எங்கே ஓடணும், செத்தா யார் எழுப்பறது? அதுக்குத்தான் குபெர்நெட்டீஸ். 2014-ல கூகுள் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம். குபேரனுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கிரேக்க மொழியில் கப்பலோட சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம்.

ஹாஸ்டல் வார்டன் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். மெஷின் ஒவ்வொண்ணும் ஒரு பிளாக், இவங்க பாஷையில் 'நோடு'. பொட்டலம் குடியிருக்கிற ரூமுக்குப் பேர் 'பாட்'. டெலிகிராமிலும் ஒரு 'பாட்' வரும், அது வேற. குழப்பமே வேண்டாம்... அதை இங்கே 'ரோபோ'ன்னே கூப்பிடுவோம். எந்த ரூமை எந்த பிளாக்கில் போடுறதுன்னு வார்டன் முடிவு பண்றார். யாராவது மயங்கி விழுந்தா, தட்டி எழுப்பி மறுபடி உட்கார வச்சிடறார். நடந்த ஒவ்வொண்ணையும் டைரியில் எழுதியும் வைக்கிறார். 'இந்த பாட்டுக்கு இடம் கொடுத்தேன்', 'இமேஜை இறக்கினேன்', 'ஸ்டார்ட் பண்ணினேன்', 'இடமே இல்லை'... இந்த டைரிக் குறிப்புகளுக்குத்தான் 'ஈவென்ட்'னு பேர்.

இதுல ரெண்டு வில்லங்கம்.

முதலாவது, வார்டன் டைரியை ஒரு மணி நேரத்தில் கிழிச்சுப் போட்டுடுவார்! குபெர்நெட்டீஸ் ஈவென்ட்டுகளோட ஆயுள், நீங்க செட்டிங்கை மாத்தாத வரைக்கும், ஒரே ஒரு மணி நேரம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ கவிழ்ந்து, காலையில் டீயோட உட்கார்ந்து பார்த்தா, அந்த ரெண்டு மணிச் சமாச்சாரம் ஒண்ணும் இருக்காது.

ரெண்டாவது இன்னும் மோசம். வார்டன் ரொம்ப நல்லவர். விழுந்ததை அவரே எழுப்பிடுவார். மறுபடி விழுந்தா, பத்து செகண்ட் பொறுத்து எழுப்புவார். அப்புறம் இருபது, நாற்பதுன்னு இடைவெளி ரெண்டு மடங்காகிட்டே போய், அஞ்சு நிமிஷத்தில் நிக்கும். 'கிராஷ் லூப் பேக் ஆஃப்'னு திரையில் வருமே, அதுதான் இது. வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு, சைட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு... ரெஃப்ரெஷ் பண்ணினா வந்துடுது. அவ்வளவுதான் தெரியும். ஜுரம் வந்தவனுக்கு மாத்திரையைக் கொடுத்துக் கொடுத்து காலேஜுக்கு அனுப்பற மாதிரி! உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் சைட் இப்படி மூணு நாளா விழுந்து விழுந்து எழுந்துட்டிருக்கும். கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேர் கொடுக்க வரும்போதுதான் மொத்தமா உட்காரும். 'நேத்து வரை நல்லா இருந்துச்சே'ன்னு எல்லாரும் உங்களைப் பார்ப்பாங்க.

ஆக, டைரி கிழியறதுக்கு முன்னாடி யாராவது படிச்சு நம்ம காதில் போட்டாகணும். அந்த 'யாராவது'தான் நம்ம ரோபோ.

செட்டப் பண்றது இப்படி. டெலிகிராமில் 'பாட்ஃபாதர்'னு தேடினா ஒரு அதிகாரபூர்வ கணக்கு வரும். புது ரோபோ வேணும்னு கேட்டா, பேர் கேட்டுட்டு ஒரு நீளமான டோக்கன் கொடுப்பார். அந்த ரோபோவை உங்க டீம் குரூப்பில் சேர்த்துட்டு, குரூப்போட ஐ.டி. நம்பரைக் கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க. குரூப் நம்பருக்கு முன்னாடி ஒரு மைனஸ் குறி இருக்கும். அதை விட்டுட்டா மெசேஜ் போகாது. ஸ்லாக், டிஸ்கார்டுன்னா இன்னும் சுலபம், 'வெப்ஹுக்'னு ஒரு முகவரி கொடுத்துடுவாங்க. அதுக்கு எழுத்தை அனுப்பினா சேனல்ல விழும்.

கிளஸ்டர் பக்கம், அந்த டைரியை விடாமப் பார்த்துட்டிருக்க ஒரு குட்டி புரோகிராம் வேணும். குப்வாட்ச், பாட்கியூப்னு ரெடிமேடாவும் இருக்கு. எதை எடுத்தாலும் கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு ஒரு பார்வை பார்த்துட்டு எடுங்க. ஆனா, படிக்கிற காலத்தில் நாமே பைத்தான்ல எழுதிப் பார்க்கிறதுதான் என் ஓட்டு. குபெர்நெட்டீஸ் லைப்ரரியில் 'வாட்ச்'னு ஒரு வசதி இருக்கு. ஒரு தடவை கனெக்ஷன் போட்டா, ஈவென்ட் வர வர அதுவே தள்ளி விடும். அதை வாங்கி டெலிகிராமுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பழக பெரிய சர்வரெல்லாம் வேண்டாம். லேப்டாப்லயே 'மினிகியூப்' போட்டு ஒத்தை மெஷின் கிளஸ்டர் ஓட்டலாம். ராஸ்பெர்ரி பை வச்சிருக்கிற பணக்காரங்க 'கே3எஸ்' போட்டுக்கலாம்.

டோக்கன் விஷயத்தில் மட்டும் கறாரா இருங்க. அதைத் தெரிஞ்சவன் எவனும் உங்க ரோபோ பேரில் பேசலாம். வெப்ஹுக் முகவரியும் அப்படித்தான், முகவரியே சாவி. கோடுக்குள்ள எழுதி கிட்ஹப்பில் ஏத்திடாம, குபெர்நெட்டீஸ்ல 'சீக்ரெட்'னு இருக்கிற இடத்தில் வைங்க. அங்கே எழுத்தெல்லாம் உருமாறித் தெரியும். பார்த்துட்டு பூட்டு போட்டாச்சுன்னு நினைக்க வேண்டாம். அது வெறும் பேஸ்64. யார் வேணும்னாலும் ஒரு செகண்ட்ல திருப்பிப் படிச்சுடலாம். அதனால அந்த சீக்ரெட்டை யாரெல்லாம் திறக்கலாம்னும் கட்டுப்படுத்தணும். ரோபோவுக்கு கிளஸ்டரில் ஈவென்ட்டைப் படிக்கிற அனுமதி மட்டும் போதும். அட்மின் உரிமையெல்லாம் தூக்கிக் கொடுத்துடாதீங்க.

இவ்வளவும் பண்ணி ஓட விட்டீங்கன்னா, முதல் அஞ்சு நிமிஷம் ஜாலியா இருக்கும். டிங்... டிங்... டிங்... அடுத்த அஞ்சு நிமிஷத்தில் டீம்ல எல்லாரும் குரூப்பை மியூட் பண்ணிடுவாங்க!

ஏன்னா, டைரியில் முக்கால்வாசி நல்ல செய்தி. 'இமேஜ் வந்துச்சு', 'ஸ்டார்ட் ஆச்சு'... இதையெல்லாம் போனுக்கு அனுப்பினா அது குட்மார்னிங் ரோஜாப்பூதான். டெலிகிராமே தாங்காது. ஒரே குரூப்புக்கு ரோபோ நிமிஷத்துக்கு 20 மெசேஜுக்கு மேல அனுப்ப முடியாது. ஸ்லாக் வெப்ஹுக்கும் செகண்டுக்கு ஒண்ணுன்னுதான் கணக்கு. அதைத் தாண்டினா, கொஞ்சம் பொறுன்னு திருப்பி அனுப்பிடும். அந்த நெரிசலில் நிஜமான எச்சரிக்கை வெளியில க்யூவில் நிக்கும்.

'ஈஸியாச்சே! ஈவென்ட்ல நார்மல், வார்னிங்னு ரெண்டு வகைதானே? வார்னிங்கை மட்டும் அனுப்புவோம்'னு தோணும். அதுவும் பாதிக் கிணறுதான். ஸ்டார்ட் ஆகிட்டிருக்கிற பாட், முதல் சில செகண்ட் 'ரெடியா?'ன்னு கேட்கும்போது பதில் சொல்லலைன்னா, அதுக்கும் வார்னிங். தானா சரியாயிடும், யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம், ஒரு மெஷினே கவிழ்ந்து 'நோடு ரெடியா இல்லை'ங்கிற குறிப்பு, அந்த மெஷின் பேரில் 'நார்மல்' வகையிலதான் பதிவாகும். வீடு இடிஞ்சது நார்மலாம்! மெமரி பத்தாம கன்டெய்னர் கொல்லப்பட்டா, அந்தக் காரணம் ஈவென்ட்ல தெளிவா வராது. 'மறுபடி மறுபடி விழுது'ன்னு மட்டும்தான் வரும். பாட்டோட ஸ்டேட்டஸ்ல போய்ப் பார்த்தாதான் 137-ங்கிற எண் இருக்கும். 128-ம், கட்டாயமாக் கொல்ற சிக்னலோட எண் 9-ம் சேர்ந்தது அது. ரோபோவுக்கு அந்த ஸ்டேட்டஸையும் எட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தா (அதுக்கு பாட் படிக்கிற அனுமதியும் சேர்த்துக் கொடுக்கணும்), காரணத்தோட மெசேஜ் வரும்.

அதனால வகையை நம்பாம, காரணத்தைப் பார்த்துப் பொறுக்குங்க. என் கணக்கு சிம்பிள்: இந்த மெசேஜ் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா, எழுந்து நான் ஏதாவது பண்ணுவேனா? பண்ணுவேன்னா அனுப்பு. காலையில் பார்த்துக்கலாம்னா, ஒரு ஃபைலில் எழுதி வச்சு காலையில் ஒரே மெசேஜா அனுப்பு. ரெண்டும் இல்லைன்னா அனுப்பாதே. என் லிஸ்ட்ல இடம் கிடைக்காத பாட், இறக்க முடியாத இமேஜ், விழுந்து விழுந்து எழற பாட், கவிழ்ந்த நோடு... இவ்வளவுதான் இருக்கு. உங்க லிஸ்ட் வேறயா இருக்கலாம்.

ஒரே பிரச்னைக்கு ஒரே மெசேஜ்ங்கிறதும் முக்கியம். குபெர்நெட்டீஸ் ஒரே குறிப்பு திரும்ப வந்தா புதுசா எழுதாம எண்ணிக்கையை ஏத்தும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உங்க புரோகிராமுக்குத் தகவல் வரும். அப்படியே ஃபார்வேர்ட் பண்ணினா ஒரே செய்தி நூறு தடவை! எந்த சர்வீஸ், என்ன காரணம்னு ஞாபகம் வச்சுக்கிட்டு, அரை மணி நேரத்துக்கு மறுபடி சொல்லாதேன்னு ஒரு கண்டிஷன் போடுங்க. ரோபோ ரீஸ்டார்ட் ஆனாலும், டைரியில் மிச்சமிருக்கிற ஒரு மணி நேரக் குறிப்பு மொத்தத்தையும் புதுசுன்னு நினைச்சுக் கொட்டும். நேரத்தைப் பார்த்து, பழசைத் தள்ளி விடணும்.

மெசேஜையும் மனுஷன் படிக்கிற மாதிரி எழுதுங்க. அப்படியே இறக்குமதி பண்ணின ஒன்றரைப் பக்க ஜேசனை அரைத் தூக்கத்தில் யார் படிக்கிறது? 'ரெஜிஸ்ட்ரேஷன் சர்வீஸ். இமேஜ் இறங்கலை. 10 நிமிஷமா. முதல்ல இமேஜ் பேரைப் பார்' போதும்.

இத்தனைக்கும் அப்புறம் ஒரு பள்ளம் இருக்கு. 2017 ஜனவரி 31, கிட்லேப் நிறுவனம். ஒரு இன்ஜினீயர் தவறுதலா மெயின் டேட்டாபேஸையே அழிச்சுட்டார். சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, அது வெர்ஷன் பொருந்தாம ஃபெயில் ஆகிட்டிருந்திருக்கு. ஃபெயில் ஆனா மெயில் வர்ற ஏற்பாடும் இருந்தது. அந்த மெயில்களை, அனுப்புனர் சரிபார்ப்பில் தேறலைன்னு மெயில் சர்வரே நிராகரிச்சுட்டு இருந்திருக்கு! கிட்டத்தட்ட ஆறு மணி நேர டேட்டா போச்சு. நடந்ததை ஒளிக்காம அவங்களே விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க, மீட்பு வேலையை யூடியூபில் லைவாவும் காட்டினாங்க. அந்த தில்லுக்கு ஒரு சல்யூட்.

நம்ம ரோபோவுக்கும் இதே கதிதான். கிளஸ்டருக்குள்ளேயே குடியிருக்கு. கிளஸ்டர் மொத்தமா படுத்தா அதுவும் சேர்ந்து படுத்துடும். குரூப் அமைதியா இருக்கும்... நாம எல்லாம் சுகம்னு நினைச்சுப்போம். அதனால ரோபோ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, கிளஸ்டருக்கு வெளியில இருக்கிற வேற ஒரு மெஷினுக்கு 'இருக்கேன்'னு குரல் கொடுக்கட்டும். அது நின்னா, அந்த மெஷின் நம்மளைக் கூப்பிடட்டும். புரொமீத்தியஸ் வச்சு மானிட்டர் பண்றவங்க 'வாட்ச்டாக்'னு எப்பவும் அடிச்சுட்டே இருக்கிற ஒரு அலர்ட் வச்சிருக்காங்களே, அதோட வேலையும் இதுதான்.

செட்டப் முடிஞ்சதா? இப்போ ஒரு பாட்டோட இமேஜ் பேரில் வேணும்னே ஒரு எழுத்தைத் தப்பா போட்டு ஓட விடுங்க. டீம்ல யார்கிட்டேயும் சொல்லாதீங்க. போனை மேஜை மேல வச்சுட்டு, எத்தனை செகண்ட்ல 'டிங்' வருது, எத்தனை தடவை வருது, எத்தனை நிமிஷம் கழிச்சு உங்க டீம்மேட் 'டேய், என்னடா ஆச்சு?'ன்னு கேட்கிறான்னு எண்ணுங்க. யாருமே கேட்கலைன்னா, கோடைத் தொடாதீங்க. யார் யார் மியூட் பண்ணியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க!