பனிமனிதன் வேண்டாம், ஏரியை வரையலாம்!

எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்கான குளிர்காலப் பயிற்சிகளை இணையத்தில் தேடினால் பனிமனிதன் படங்களே அதிகம் வரும். செம்பரம்பாக்கம் பகுதிக் குழந்தைகள் பனிமனிதனைப் பார்த்ததில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையையும், நிரம்பும் ஏரியையும் பார்க்கிறார்கள். அதையே பாடமாக்கலாம். விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராம் போதும்.

பெயிண்டைத் திறந்து உயரமான கட்டம் ஒன்றை வரையுங்கள். அதன் வெளிப்புறம் கீழிருந்து மேலாக 1 முதல் 24 வரை எண்களை இடுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 'ஏரி' எனப் பெயரிட்டுச் சேவ் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் ஏரியில் எத்தனை அடி நீர் உள்ளது என நாளிதழ்கள் வெளியிடும். வாரம் ஒருமுறை இந்த பைலைத் திறந்து, அந்த எண்ணைக் குழந்தையையே தேடச் சொல்லுங்கள். அங்கு குறுக்குக் கோடு போட்டு, கீழே 'ஃபில்' டூலால் நீலம் நிரப்பட்டும். கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியே பரவிவிடும். கண்ட்ரோல் + இசட் அழுத்தி, இடைவெளியை அடைத்துவிட்டு மீண்டும் நிரப்பலாம். ஏரிக்குக் கரை எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

பிறகு 'சேவ் ஆஸ்' மூலம் ஏரி01, ஏரி02 எனத் தனித்தனியாகச் சேமியுங்கள். மூலப் படம் அப்படியே இருக்கும். ஜனவரியில் வரிசையாகத் திறந்து காட்டினால், நீர் ஏறி இறங்கியதைக் குழந்தையே சொல்லும்.