ஏலக்காய் நமத்துப்போவது ஏன்?

மழைக்காலத்தில் குமுளியில் திறந்து வைத்த ஏலக்காய் சீக்கிரமே நமத்துவிடும். அதையே மலையிறக்கி அடிவாரத்து லோயர் கேம்ப்பில் வைத்தால் அவ்வளவு விரைவில் நமக்காது. ஏன்?

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். மேலே 20 டிகிரியில் ஈரம் நிரம்பி 100 சதவீதமாக இருந்த காற்று, ஒரு துளி நீரையும் இழக்காமல் 30 டிகிரிக்குச் சூடானாலே, அதன் ஒப்பு ஈரப்பதம் 57 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஏலத்தோலின் நார்கள் சுற்றியுள்ள காற்றோடு சமநிலை வரும்வரை ஈரத்தை இழுக்கும், அல்லது விடும். புகையிலையும் அப்படித்தான். சுருட்டு சேகரிப்போர் பெட்டிக்குள் 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தைக் காப்பது, இலை காய்ந்து நொறுங்காமல் இருக்க. ஏலக்காய்க்கு அவ்வளவு ஈரம் ஆகாது. பறிக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். ஸ்டோர் எனும் உலர்கூடத்தில் உலர்த்தி 10 சதவீத அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் தோல் வெடித்து, மணம் தரும் எண்ணெய் ஆவியாகும்.

போடி ஏலக்காய் வியாபாரத்தில் சாக்குக்குள் கறுப்பு பாலித்தீன் உறை போடுவது அருமையான ஏற்பாடு. ஈரத்தையும், பச்சை நிறத்தை வெளுக்கச் செய்யும் ஒளியையும் ஒரே உறை தடுக்கிறது. வீட்டில் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா போதும். அடுப்புக்கு மேல் அலமாரி மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த காய்மேல் காற்றின் நீராவி படியும். டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம்.