பியானோவுக்கு ஒயில் விடாதீர்கள்

வடக்கில் நீண்டகாலம் பூட்டிக் கிடந்த பியானோக்களைத் திருத்தப் போகும் இடங்களில், தூசுக்கும் எலிக்கூட்டுக்கும் அடுத்ததாக நான் காண்பது ஒயில் கறை. சனம் இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்ற பியானோ. திரும்பி வந்து திறந்தால் கட்டைகள் இறுகிப்போயிருக்கும். யாரோ நல்லெண்ணத்தில் தையல் மெசினுக்கு விடும் ஒயிலை விட்டிருப்பார். அதுதான் பெரிய சேதம்.

தையல் மெசினில் இரும்போடு இரும்பு உரசுகிறது. பியானோவின் உள்ளே மரம், கம்பளித்துணி, தோல் ஆகியவற்றின் மீதே உலோகம் அசைகிறது. ஒயில் பட்டால் துணி ஊறித் தூசைப் பிடித்துப் பசையாகிவிடும்.

கிராண்ட் பியானோவில் உராய்வு சற்றுக் கூடினாலே கை உணரும். கட்டை முழுதாக மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி ஒலிக்கச் செய்யும் பொறிமுறைக்கு எராட் 1821இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கிராண்ட் பியானோக்கள் அதன் வழிவந்தவை. அந்த வேகத்தை அழுக்கு கெடுத்துவிடும்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். மாரியில் இறுகி, சோளகம் வீசும்போது இளகினால் குற்றவாளி ஈரம். அறையை உலர வைத்தாலே பாதி வேலை முடியும். பழுதென்று கழிக்கச் சொன்ன சில பியானோக்களுக்கு இதற்குமேல் அதிகம் தேவைப்பட்டதில்லை.

கட்டைகளையும் சுத்தியல்களையும் ஒன்றாக முன்னே இழுத்து எடுக்கலாம். அப்போது ஒரு கட்டைகூட அழுந்தக் கூடாது. அழுந்தினால் அதன் சுத்தியல் எழும்பி, மேலே உள்ள மரத்தில் இடித்து முறியும். இதில் அவசரமே வேண்டாம்.

தூசை மென்மையான தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுங்கள். கட்டைகளைத் தாங்கும் ஊசிகள் கறுத்திருந்தால் மினுக்கி, மினுக்கிய மருந்து மிச்சமில்லாமல் துடையுங்கள். கட்டையைக் கழற்றும்போது அதன் இலக்கத்தைப் பாருங்கள். இடம் மாறினால் பொருந்தாது. சுத்தியல் தண்டின் கீழுள்ள தோல் உருளை கிறீச்சிட்டால் டெஃப்லோன் தூளைத் தூரிகையால் மெல்லப் பூசினால் போதும். ஸ்பிரிங்கின் நுனி நகரும் பள்ளத்தில் பழைய கிரீஸ் பச்சையாக உறைந்திருக்கும். அதைக் குச்சியால் சுரண்டி எடுத்த பிறகே புதிதாக எதையும் இட வேண்டும்.

ஏற்கெனவே ஒயில் ஊறிய துணியைக் கழுவிப் பயனில்லை. உரித்தெடுத்துப் புதுத்துணி ஒட்ட வேண்டும். கட்டைக்கு இரண்டு துளை வீதம், 88 கட்டைகளுக்கு 176 துளைகள்.