நூலில் விழும் முடிச்சு

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு நூலைப் பார்ப்போம். முறுக்கிய நூலைத் தளரவிட்டால் தானாகவே வளைந்து தன்னைச் சுற்றிக்கொள்ளும். நம் செல்லில் உள்ள தூது ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான். புரதம் செய்யும் குறிப்பை டி.என்.ஏ.விலிருந்து சுமந்து வரும் ஒற்றை இழை அது. அதன் நான்கு வகை எழுத்துகள் தத்தம் ஜோடியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். மடிந்த இடம் கொண்டை ஊசிபோல் நிற்கும்.

அந்த இழையை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை மணிபோல் கோர்ப்பது ரைபோசோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இதன் வடிவத்தை ஆராய்ந்ததற்காகவே.

இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். குறிப்பில் பிழையில்லை, பிரதிகளும் போதுமான அளவு உள்ளன என்றால் புரதமும் சரியாக வந்துவிடும் என்று நம்புகிறோம். ஃபெரிட்டினைப் பாருங்கள். செல்லுக்குள் இரும்பைச் சேர்த்துவைக்கும் குதிர் அது. அதன் இழையின் தொடக்கத்திலேயே ஒரு கொண்டை ஊசி இருக்கிறது. இரும்பு குறைந்தால் ஒரு காவல் புரதம் அதைப் பற்றிக்கொண்டு ரைபோசோமை உள்ளே விடாது. இரும்பு பெருகினால் பிடியை விடும். சில குடும்பங்களில் அந்த ஊசியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. காவலுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஃபெரிட்டின் வரம்பின்றிப் பெருகிக் கண் வில்லையில் படிய, இளம் வயதிலேயே கண்புரை வருகிறது. 1995-ல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இத்தனைக்கும் ஊசிக்குப் பின்னால் வரும் ஃபெரிட்டினின் செய்முறையில் ஓர் எழுத்தும் மாறவில்லை! எனக்கு இது இன்றும் வியப்பு.

இனி முதுமைக்கு வருவோம். அங்கே மடிப்பு மட்டும் தடையல்ல, கோர்க்கும் மணிகளும் தடையாகின்றன. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் ரைபோசோம் தடுமாறும். முதிய ஈஸ்ட்டிலும் புழுக்களிலும் இந்தத் தடுமாற்றம் கூடுகிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே இழையில் முன்னே செல்லும் ரைபோசோம் நின்றால் பின்னே வருவது வந்து மோதும். பாதியில் நின்ற புரதங்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடு திணற, அவை கட்டிகளாகத் திரளும்.

சில மாதங்களே வாழும் ஆப்பிரிக்கக் கில்லி மீனின் முதிய மூளையிலும் ரைபோசோம்கள் இப்படித் தடுமாறுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கே பல புரதங்களின் தூது ஆர்.என்.ஏ. குறையாமலிருக்க, புரதம் மட்டும் குறைந்தது. அப்படிக் குறைந்தவற்றில் ரைபோசோமைக் கட்டும் புரதங்களும் இருந்தன.