தட்டிப் பார்க்கும் காந்தம்

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் ஒரே இடத்தில் தட்டிவிட்டுக் காசை நீட்டுவதில்லை. வாயோரம் ஒரு தட்டு, வயிற்றில் ஒரு தட்டு, அடியில் ஒன்று. ஓசை எங்கே பிசகுகிறது என்று காது கொடுத்துத்தான் விரிசலைப் பிடிப்பார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உடம்பைத் தட்டிப் பார்க்கிற கருவிதான். ஆனால் பிறந்த நாள் முதலாக அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலுவைச் சொல்லும் அலகு. ஒன்றரை டெஸ்லா என்று வாங்கி வைத்த காந்தம் ஆயுள் முழுக்க ஒன்றரை டெஸ்லாதான். படத்தில் எது எந்த இடம் என்று பிரித்தறிய, அதன்மேல் சிறு சிறு புலங்களைக் கூட்டிக் குறைப்பார்கள். உள்ளே படுத்தவர்களுக்குக் காது அடைத்துப்போகும் அந்த 'டக் டக்' சத்தம் அதனால் வருவது. அடிப்படைப் புலம் மட்டும் அசையாது. அது எவ்வளவுக்கு வலுவாகவும் நிலையாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல ஸ்கேன் என்பதுதான் வழக்கம். அந்த நிலைத்தன்மையே ஒரு குறை என்று சொன்னவர்கள் சிலர்தான்.

அவர்கள் சொன்னது புரிய, உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைப் பார்க்க வேண்டும். அதன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். வெளிக் காந்தத்தில் வைத்தால் பம்பரம் தலையாட்டுவதுபோல ஆடும். ஒரு டெஸ்லாவுக்கு விநாடிக்கு 4.26 கோடி ஆட்டம்; ஒன்றரை டெஸ்லாவில் ஏறக்குறைய 6.4 கோடி. ரேடியோ அலையால் இந்த ஆட்டத்தின் ஒழுங்கைக் கலைத்துவிட்டால், அது மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத்துக்குத் தளர்வு நேரம் என்று பெயர். திசுவுக்குத் திசு அது வேறுபடுவதால்தான் படத்தில் கறுப்பும் வெளுப்பும் தெரிகிறது.

யார் அதைத் திருப்பிவிடுகிறார்கள்? அக்கம்பக்கத்து மூலக்கூறுகளின் ஓயாத நடமாட்டம். ஊஞ்சலைக் கண்டபடி தள்ளினால் ஆடாது, அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் வீச்சு ஏறும். இங்கேயும் அப்படித்தான். அணுக்கரு ஆடும் வேகத்தோடு ஒத்துப்போகிற நடமாட்டம் மட்டுமே அதை நன்றாக அசைக்கும். புளூம்பெர்கன், பர்செல், பவுண்ட் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1948-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். தனித்துத் திரியும் நீர் மூலக்கூறு கண்மூடித்தனமான வேகத்தில் புரள்கிறது. புரதத்தோடு ஒட்டிக்கொண்ட நீரும், அந்தப் புரதமும் ஆமை வேகம். ஒன்றரை டெஸ்லாவில் விநாடிக்குக் கோடிக்கணக்கில் ஆடும் அணுக்கருவுக்கு இந்த ஆமைகளின் அசைவு உறைக்காது. புலத்தைப் பூமியின் காந்தப்புலம் அளவுக்கு இறக்கினால், ஆட்டம் விநாடிக்கு இரண்டாயிரம் சொச்சம். இப்போது மெதுவான அசைவுகளெல்லாம் கேட்கத் தொடங்கும்.

அப்படியானால் சின்னக் காந்தத்தையே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. ஒன்றரை டெஸ்லாவிலேயே பத்து லட்சம் அணுக்கருக்களில் ஐந்துதான் நமக்குச் சைகை தரும். பூமியின் புலத்தில் ஆயிரம் கோடிக்கு ஒன்றிரண்டு. அதைக் கேட்டுப் படம் வரைவது பெரும்பாடு.

வலுவான புலத்தில் காந்தமேற்றி, சிறிய புலத்துக்குக் கொண்டுபோய், மறுபடி வலுவான புலத்தில் கேட்பதுதான் தீர்வு. அது 1951-லேயே இருவர் கையில் இருந்தது. கையில் என்றால் நிஜமாகவே கையில். ஹார்வர்டில் பர்செலும் பவுண்டும் லித்தியம் ஃபுளூரைடு படிகத்தை வலுவான காந்தத்தில் ஊறவைத்து, உருவி எடுத்து, சிறிய சுருளுக்குள் வைத்துப் புலத்தைத் தலைகீழாக்கி, மறுபடி பெரிய காந்தத்துக்குள் கொண்டுபோனார்கள். அந்தப் படிகம் ஏற்றிய காந்தத்தன்மையைச் சில நிமிடங்கள் மறப்பதில்லை. நடந்துபோய் வர நேரம் போதும். பின்னாளில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் மாதிரியைக் காந்தத்துக்கு மேலேயும் கீழேயும் விரட்டும் கருவியைச் செய்தார். நோயாளியை அப்படித் தூக்கிப்போட முடியுமா? ஆளை அசைக்காமல் காந்தத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் டேவிட் லூரி குழுவினர் செய்தது அதுதான். எம்.ஆர்.ஐ. அந்த ஊருக்குப் புதிதல்ல: 1980 ஆகஸ்ட் 28 அன்று ஜான் மல்லார்டு குழு தன் முழுவுடல் ஸ்கேனரில் ஒரு நோயாளியைப் படமெடுத்ததும் இதே ஊரில்தான். லூரி குழுவின் கருவி ஃபாஸ்ட் ஃபீல்டு சைக்ளிங் வகை. முதலில் 0.2 டெஸ்லாவில் அணுக்கருக்களைக் காந்தமேற்றும். பிறகு சட்டென்று புலத்தை வேண்டிய அளவுக்கு இறக்கி, அங்கே சற்று நேரம் தளரவிடும். உடனே 0.2-க்கே ஏற்றிச் சைகையைக் கேட்கும். அடுத்த சுற்றில் இன்னொரு புலம். ஆக, தட்டுவது பல இடத்தில், கேட்பது ஓரிடத்தில். ஏற்ற இறக்கமெல்லாம் மில்லி விநாடிக் கணக்கில் முடிய வேண்டும். திசுவின் ஞாபகம் படிகத்தைப்போல நிமிடக்கணக்கில் நிற்காது. வழக்கமான மீகடத்திக் காந்தம் இந்த வேகத்துக்கு வளையாது என்பதால் சாதாரண மின்சுருள்தான். பூமியின் காந்தப்புலத்தையும் கணக்குப் பார்த்துக் கழித்தாக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நைட்ரஜன் செய்யும் குறும்பு. புரதத்தின் முதுகெலும்பில் உள்ள நைட்ரஜனுக்கு, வெளிக் காந்தத்தை நம்பியிராத சொந்த அதிர்வெண்கள் உண்டு. ஹைட்ரஜனின் ஆட்டம் புலத்தோடு இறங்கி அவற்றில் ஒன்றைத் தொடும்போது, ஹைட்ரஜன் தன் ஆற்றலைப் பக்கத்து நைட்ரஜனிடம் கொட்டிவிடும். தளர்வு நேரம் அங்கே பள்ளத்தில் விழும். ஏறக்குறைய 16, 49, 65 மில்லி டெஸ்லாவில் மூன்று பள்ளங்கள். புரதம் சுதந்திரமாகப் புரண்டுகொண்டிருந்தால் இவை தெரியா. அசையாமல் பிடிபட்டிருந்தால்தான் தெரியும். இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் வலையாகப் பின்னிக்கொள்கிறதல்லவா? அப்போது பள்ளங்கள் தோன்றுகின்றன. எந்த மருந்தும் ஏற்றாமல், வெறும் காந்தத்தை ஏற்றி இறக்கியே புரதம் கட்டுண்டதா இல்லையா என்று அறிய ஒரு வழி.

இந்த ஸ்கேனை ஊரில் எந்த மையத்திலும் கேட்டு வாங்க முடியாது. இன்னும் ஆய்வுக்கூடச் சரக்குதான். படமும் மருத்துவமனைப் படம்போல அவ்வளவு கூர்மையாக இருக்காது. அபர்தீன் குழு 2019-இல் தன் முழுவுடல் கருவியின் முடிவுகளை வெளியிட்டது. பக்கவாதம் வந்தவர்களின் மூளையில் பாதித்த பகுதி எடுப்பாகத் தெரிந்தது 0.2 டெஸ்லாவில் அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கில். பூமியின் காந்தப்புலத்தைப்போல வெறும் நான்கு மடங்கு அது.