இடையும் காத்திருப்பும்: புதுப்பித்தல் கோட்பாட்டுக்கு ஓர் அறிமுகம்

மாணவர்களே, மீடிறன் பரம்பல் ஒன்றின் இடையைக் காணும் முறையையும் நிகழ்தகவின் அடிப்படைகளையும் நீங்கள் கற்றிருக்கிறீர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் அமைந்ததே புதுப்பித்தல் கோட்பாடு. இப்பெயரில் ஓர் அலகு க.பொ.த. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் அதன் அடிப்படைக் கணிப்புகளை நீங்கள் அறிந்த இடையைக் கொண்டே செய்துவிடலாம்.

வினாவொன்றில் இடையைக் கண்டவுடன் வேலை முடிந்துவிட்டது என எண்ணுகிறோம். ஆனால் அது எதன் இடை என்று கேட்காவிட்டால், சரியான எண்ணிலிருந்தும் பிழையான முடிவுக்கு வரலாம். இதனை இரு உதாரணங்கள் மூலம் விளங்கிக்கொள்வோம்.

1. புதுப்பித்தல் என்றால் என்ன?

மா அரைக்கும் ஆலை ஒன்றில் பெல்ட் அறுந்துவிடுகிறது. உடனே புதிய பெல்ட் பூட்டப்படுகிறது. அதுவும் ஒருநாள் அறும். மீண்டும் புதியது பூட்டப்படும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. இதுவே ஒரு புதுப்பித்தல் ஆகும்.

இங்கு இரண்டு எடுகோள்கள் உண்டு.
(அ) பெல்ட்டுகள் யாவும் ஒரே வகையானவை.
(ஆ) ஒரு பெல்ட்டின் ஆயுள் மற்றையதன் ஆயுளைப் பாதிக்காது. அதாவது அவை சாரா நிகழ்ச்சிகள்.

அடுத்த பெல்ட் எப்போது அறும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால் நீண்ட காலத்தில் எத்தனை பெல்ட்டுகள் தேவைப்படும் என்பதை அண்ணளவாகக் கூறலாம்.

2. உதாரணம் 1: எப்போது மாற்றுவது?

10 பெல்ட்டுகளின் ஆயுள் பின்வருமாறு எனக் கொள்வோம்.

ஆயுள் (மாதம்): 4, 8, 10
மீடிறன்: 2, 4, 4

மொத்த ஆயுள் = (4 × 2) + (8 × 4) + (10 × 4) = 80 மாதங்கள்
இடை ஆயுள் = 80 ÷ 10 = 8 மாதங்கள்

எனவே 10 ஆண்டுகளில், அதாவது 120 மாதங்களில், ஏறத்தாழ 120 ÷ 8 = 15 பெல்ட்டுகள் தேவைப்படும். நீண்ட காலத்தில் மாற்றங்களின் வீதம், இடை ஆயுளின் நிகர்மாறாகும். இதுவே கோட்பாட்டின் முதலாவது முடிவு.

இனிச் செலவை நோக்குவோம். வேலை நடக்கும்போது பெல்ட் அறுந்தால், ஆலை நிற்பதால் ஏற்படும் நட்டத்துடன் ரூ. 2000 செலவாகும். முன்கூட்டியே நேரம் ஒதுக்கி மாற்றினால் ரூ. 500 மாத்திரமே செலவாகும்.

முறை I: அறுந்த பின்னரே மாற்றுதல்
10 பெல்ட்டுகளுக்கான செலவு = 10 × 2000 = ரூ. 20 000
ஒரு மாதச் செலவு = 20 000 ÷ 80 = ரூ. 250

முறை II: அறாவிட்டாலும் 7 மாத முடிவில் மாற்றுதல்
2 பெல்ட்டுகள் 4 மாதங்களில் அறும். ஏனைய 8 பெல்ட்டுகளும் 7 மாதங்களில் மாற்றப்படும்.
பயன்பட்ட காலம் = (2 × 4) + (8 × 7) = 64 மாதங்கள்
செலவு = (2 × 2000) + (8 × 500) = ரூ. 8000
ஒரு மாதச் செலவு = 8000 ÷ 64 = ரூ. 125

நல்ல நிலையிலுள்ள பெல்ட்டைக் கழற்றுவது வீண்செலவு போலத் தோன்றினாலும், மாதச் செலவு அரைவாசியாகிவிட்டது. ஆனால் இதனை எல்லாவற்றுக்கும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. முன்கூட்டி மாற்றும் செலவு ரூ. 1500 எனின், முறை II இன் மாதச் செலவும் ரூ. 250 ஆகிவிடும், அதற்கு மேற்பட்டால் நட்டமே. அத்துடன், பாவனையால் தேயாத பொருளை முன்கூட்டி மாற்றுவதால் பயனில்லை. கணித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

3. உதாரணம் 2: பஸ்ஸுக்குக் காத்திருத்தல்

ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு மணித்தியாலத்துக்கு 3 பஸ்கள் வருகின்றன. இடைவெளிகளின் இடை 20 நிமிடம். நேர அட்டவணையைப் பாராது வருபவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்? பலரும் 10 நிமிடம் என்பர். சரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தால் மாத்திரமே இவ்விடை சரியாகும்.

இடைவெளிகள் 10 நிமிடம், 30 நிமிடம் என மாறிமாறி அமைவதாகக் கொள்வோம். இடை இப்போதும் 20 நிமிடமே. ஆனால் ஒவ்வொரு 40 நிமிடத்திலும் 30 நிமிடம் நீண்ட இடைவெளிக்கு உரியது. எனவே நீங்கள் நீண்ட இடைவெளியில் வந்து சேர்வதற்கான நிகழ்தகவு 1/2 அன்று, 3/4 ஆகும்.

குறுகிய இடைவெளியில் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். நீண்டதில் 15 நிமிடம்.
சராசரிக் காத்திருப்பு = (1/4 × 5) + (3/4 × 15) = 12.5 நிமிடம்

பஸ்களின் எண்ணிக்கை குறையவில்லை. காத்திருப்பு மாத்திரம் கூடியது. "நான் போகும்போதுதான் பஸ் வராது" என்ற மனக்குறைக்குக் காரணம் துரதிர்ஷ்டம் அன்று. நீண்ட இடைவெளி கூடுதலான நேரத்தைப் பிடிப்பதால் கூடுதலானோர் அதிலேயே அகப்படுகின்றனர். பஸ்சாரதியின் கணக்கில் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு முறையே எண்ணப்படுகிறது. பயணிகளின் கணக்கிலோ அது தன் நீளத்துக்கு ஏற்ப எண்ணப்படுகிறது. இரண்டும் இடையே, ஆனால் வேறு வேறு இடைகள். இது காத்திருப்பு முரண்பாடு எனப்படும்.

4. கோட்பாட்டின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய அல்பிரட் லொட்கா 1939 இல், தொழிற்சாலைப் பொருள்களின் மாற்றீட்டை இம்முறையில் ஆராய்ந்தார். ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும் சனத்தொகை வளர்ச்சியிலும் இதே கணிதம் இருப்பதை அவர் கண்டார். 1941 இல் வில்லியம் ஃபெல்லர் இதற்கு உறுதியான கணித அடிப்படையை வழங்கினார். 1962 இல் டேவிட் கொக்ஸ் இத்துறைக்கென ஒரு நூலை வெளியிட்டார். இன்று இயந்திரப் பராமரிப்பு, உதிரிப்பாகக் கையிருப்பு, காப்புறுதி ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

5. கவனிக்குக

• உதாரணம் 1 இல் (4 + 8 + 10) ÷ 3 எனக் கணிப்பது பிழை. மீடிறனால் பெருக்கியே கூட்ட வேண்டும்.
• இடை நீண்ட காலத்துக்கே பொருந்தும். ஒரு தனி நாளுக்கு அது உத்தரவாதம் அன்று. உதாரணம் 2 இல் ஒருவர் 30 நிமிடம் வரை காத்திருக்கவும் நேரலாம். பரீட்சை நாளில் வீட்டிலிருந்து புறப்படும்போது இடையை அன்றி, மிக நீண்ட இடைவெளியையே கணக்கில் எடுங்கள்.

6. பயிற்சி

(1) 10 மின்குமிழ்களின் ஆயுள் (மாதம்) 3, 6, 8. மீடிறன் முறையே 2, 5, 3. இடை ஆயுளைக் காண்க. 30 மின்குமிழ்கள் எரியும் மண்டபத்துக்கு நீண்ட காலத்தில் மாதமொன்றுக்கு எத்தனை தேவை?
(2) பஸ் இடைவெளிகள் 10, 10, 40 நிமிடம் எனத் தொடர்ந்து அமையின் சராசரிக் காத்திருப்பைக் காண்க.
(3) உதாரணம் 1 இல் முன்கூட்டி மாற்றும் செலவு ரூ. 1000 எனின், முறை II இலாபகரமானதா?

விடைகள்: (1) 6 மாதங்கள், 5 மின்குமிழ்கள் (2) 15 நிமிடம் (3) ஆம், மாதச் செலவு ரூ. 187.50