உள்ளங்கையில் உம்மம்மா வீடு

"உம்மம்மா, உறி எண்டா என்ன?"

பள்ளி விடுமுறையில் வந்திருந்த பேத்தி, கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். குசினி வளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவது, பூனைக்கு எட்டாமல் பால் பானையையும் தயிர்ச் சட்டியையும் அதில் வைப்பார்கள் என்று சொன்னேன்.

"வளை எண்டா என்ன?"

அவள் பிறந்து வளர்ந்த வீட்டுக்குத் தட்டையான கொங்கிறீற் கூரை. அங்கே வளையும் இல்லை, முகடும் இல்லை. தயிர் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சொல்லிப் பார்த்தேன், கீறியும் காட்டினேன். விளங்கவில்லை. கடைசியில் தும்பைத் திரித்து மூன்று கயிறு செய்து, அடியில் ஒரு சின்ன வளையம் கட்டி, புன்னைக் கொட்டையின் பாதி ஓட்டைப் பானையாக அதில் வைத்து, விரலில் தொங்கவிட்டுக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. "இன்னும் என்னென்ன இருந்தது உம்மம்மா?" என்றாள்.

சகோதரிகளே, அந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு பொழுதுபோக்கு தொடங்கியது. அம்மி வந்தது, உரல் வந்தது, சுளகு வந்தது. மூன்று மாதத்தில் ஒரு முழுக் குசினியே மேசைமேல் வந்துவிட்டது.

சீமாட்டிகளின் கைவேலை

சின்னஞ்சிறு வீடும் சாமானும் செய்வது சிறுபிள்ளை வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் இது முதலில் பெரியவர்களின் வேலையாகத்தான் இருந்தது. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியை ஆண்ட கோமகன் ஐந்தாம் அல்பிரெக்ட் 1558ஆம் ஆண்டளவில் அப்படியொரு வீட்டைச் செய்வித்தார்.

நம் வாவிக் கரைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள் என்று படித்திருக்கிறோம். அந்த ஒல்லாந்தரின் ஆம்ஸ்டர்டாம் நகரில், பட்டு வியாபாரி ஒருவரின் மனைவியான பெற்றோனெல்லா ஓர்ட்மன், 1686க்கும் 1710க்கும் இடையில் ஓர் அலுமாரிக்குள் ஒரு முழு வீட்டையே அமைத்தார். அதற்கான குட்டிப் பீங்கான் சாமான்களைச் சீனாவிலிருந்து சொல்லிச் செய்வித்து எடுத்தார். அதற்குச் செலவான பணத்தில் நிஜ வீடொன்றே வாங்கியிருக்கலாம் என்பார்கள். இன்றும் அது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் மேரி மகாராணிக்காக 1921 முதல் 1924 வரை செய்த வீட்டில் மின்விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வரும். அதன் நூலகத்துக்காக ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில் ஒரு குட்டிக் கதையே எழுதிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940களில் குற்றம் நடந்த அறைகளைச் சிறிதாகச் செய்து, பொலிஸாருக்குத் துப்புத் துலக்கப் பயிற்சி கொடுத்தார். கண்ணைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று அவர் கண்டிருந்தார்.

அடி என்றால் அங்குலம்

இந்தக் கைவேலைக்கு உலகமெங்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம்; அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் ஓடாவிமாரும் மேசன்மாரும் இன்னும் அடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள் என்பதால் இது நமக்கு மிக இலகு. அடியில் அளந்து அங்குலத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆறடிக் கதவு ஆறு அங்குலம். ஆறடிக்கு மூன்றடிப் பாய், ஆறு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். நம் மூத்தவர்கள் முழத்திலும் சாணிலும் சொல்வார்கள். ஒரு முழம் என்றால் ஒன்றரை அங்குலம். ஒரு சாண் என்றால் முக்கால் அங்குலம். எல்லாச் சாமானும் இந்தக் கணக்குக்குள் வந்தால்தான் வீடு வீடாகத் தெரியும். கதவைவிட உரல் பெரிதாக இருந்தால் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

காசு அதிகம் தேவையில்லை

ஓர் அடிமட்டம், கத்தரிக்கோல், பிளேட், மரம் ஒட்டும் பசை, தையல் ஊசி, நூல். வாங்க வேண்டியவை இவ்வளவுதான். மற்றவை வளவிலும் குப்பைக் கூடையிலும் கிடக்கின்றன.

அறை: சப்பாத்துப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பன்னிரண்டு அங்குல நீளமென்றால் பன்னிரண்டடி அறை கிடைத்துவிட்டது. உட்சுவரில் சுண்ணாம்பைப் பசை கலந்து பூசினால் பழைய வீட்டு வெள்ளை வரும். யன்னல் கம்பிக்குத் தென்னை ஈர்க்கு போதும்.

மரச் சாமான்: ஐஸ்கிறீம் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து, கடும் சாயத் தேநீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். பழைய மரத்தின் நிறம் தானாக வரும். வாங்கு, கட்டில், கதிரை எல்லாம் இதில் செய்யலாம். அலுமாரிக்குத் தடித்த அட்டை. அதன் லாச்சிகளுக்குத் தீப்பெட்டியைவிடப் பொருத்தமானது வேறொன்றில்லை. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும்.

சட்டி பானை: வயல் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பழைய மெல்லிய துணியில் வடித்து, அடியில் படிவதை எடுங்கள். கல்லும் வேரும் இல்லாத மண் கிடைக்கும். பென்சிலின் மழுங்கிய நுனியை உள்ளே அழுத்திச் சுற்றினால் குடம் உருவாகும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்; நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறுதலாகக் காயட்டும்.

பித்தளைச் சாமான்: வட்டா, படிக்கம், செம்பு ஆகியவற்றுக்குக் களிமண்ணில் உருவம் செய்து, மேலே பொன்னிறச் சொக்கலேற் தாளை ஒட்டி, நகத்தால் மெல்ல அழுத்துங்கள்.

துணி: மருதமுனைக் கைத்தறிச் சேலையின், சாரத்தின் வெட்டுத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். கரைப் பகுதி யன்னல் திரைக்கும் தலையணை உறைக்கும் அழகாக அமையும்.

எல்லாவற்றிலும் கடினமானது பன்பாய்தான். நிஜப் பாயில் கால் அங்குலம் இருக்கும் பன் கீற்று, நம் கணக்கில் அரை மில்லிமீற்றர்தான் வர வேண்டும். காய்ந்த பன்னைத் தண்ணீரில் ஊறவைத்து ஊசி முனையால் கீறிப் பார்த்தேன். என் முதற் பாய் பாயாக வரவில்லை; வேலித் தட்டியாக வந்தது. நான்காவதுதான் பாயாக இருந்தது. நுணுக்கமாகக் கீற முடியாதவர்கள் வாழை நாரிலோ தடித்த நூலிலோ பின்னலாம். நடுவில் ஒரு சிவப்புக் கோடு விட மறக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பிளேட்டும் பசையும் பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இந்தச் சாமான்களை வாயில் போட்டு விழுங்கிவிடக்கூடும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வேலை செய்யும்போது இந்தச் சொற்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு, யன்னல், குசினி, விறாந்தை எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் சொல். வட்டா, உறி, சுளகு, திண்ணை நம்முடையவை. ஒரு குட்டி வீட்டுக்குள் நானூறு, ஐந்நூறு வருடச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

பொம்மை வைக்கலாமா?

இதைப் படிக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி எழும். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளை வைத்துத் தோழியருடன் விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழியரை உள்ளே அனுப்பி வைத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. ஒரு போரிலிருந்து திரும்பிய நபியவர்கள், திரைக்குப் பின்னால் இருந்த விளையாட்டுப் பொருட்களுக்கு நடுவில் துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரையைக் கண்டு, குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் அறிவிக்கிறது.

ஆஷூரா நோன்பன்று, பசித்து அழும் பிள்ளைகளுக்கு நோன்பு திறக்கும் வரை கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்ததை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) சொல்கிறார். தாய்மார் தம் கையால் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செய்வது அவ்வளவு பழைய வழக்கம்.

சிறுவர் பொம்மைகளைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். பேணுதலாக விலகுவோரும் உண்டு. நம் வேலைக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. வீட்டுக்குள் ஆள் உருவம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. அமெரிக்கப் பெண்மணி நார்சிசா தோர்ன் 1932 முதல் 1940 வரை செய்வித்த சின்ன அறைகளில் 68 இன்று சிக்காகோ கலை நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றில் ஆட்களைக் காண முடியாது. திறந்த புத்தகமும் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியும் இருக்கும். இப்போதுதான் யாரோ எழுந்து போனது போலத் தோன்றும். நாமும் திண்ணையில் ஒரு வெற்றிலை வட்டாவையும், படியில் ஒரு சோடி மிதியடியையும் வைத்தால் போதும். வாப்பா உள்ளே இருக்கிறார் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும்.

உம்மா திருத்திய வாசல்

நம் கிழக்குக் கரையில் வீடு என்பது பெண்ணுடையது. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெற்றோர் பல நேரம் பக்கத்தில் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். பல பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பனின் முதுகை இந்த வழக்கம் எப்படி வளைக்கிறது என்பதை நாம் அறிவோம். அதைப் புகழ வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் மூலை முடுக்கும் ஒரு பெண்ணின் நினைவில்தான் இருக்கிறது என்பதும் உண்மை.

எங்கள் உம்மாவின் வீடு கடலோர ஒழுங்கையில் இருந்தது. 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி அதை எடுத்துக்கொண்டது. நாங்கள் உயிர் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அலுமாரியோடு போட்டோக்களும் போய்விட்டதால், வீட்டின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அதற்குப் பிறகு உம்மா அந்த வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

குசினி முடிந்த பிறகு, அந்த வீட்டையே செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். நினைவிலிருந்து அட்டையை வெட்டிச் சுவரை நிறுத்தினேன். உம்மா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நடக்க முடியாத வயது. வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குசினி வாசல் அங்கால இல்ல மகள், இஞ்சால. கிணத்தடிக்கு நேரா."

அட்டையைக் கழற்றி மாற்றி ஒட்டினேன். அதோடு அவர் பேசத் தொடங்கிவிட்டார். திண்ணை ஒன்றரை முழ உயரம். யன்னலில் ஏழு கம்பி. ஒன்று வளைந்திருக்கும், அது தம்பி வளைத்தது. தன் வாப்பா இரண்டு போகத்து நெல்லை விற்று அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, உம்மாவோடு பின் வளவு ஓலை வீட்டுக்குப் போனார். மழை நாளில் அவர்கள் நனைந்துவிடுவார்களே என்று புதுப் பெண்ணாக இவர் தூங்காமல் கிடந்தாராம். அறுபது வருடமாக எங்களுக்குச் சொல்லாத கதை அது. பேத்தி பேனையை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு உம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இதுதான்: "திண்ணைக்கு வெள்ளை அடிச்சாச்சா?"

சகோதரிகளே, உடனே ஒரு முழு வீட்டைத் தொடங்காதீர்கள். ஒரு சாமானில் தொடங்குங்கள். உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ போய், இப்போது வீட்டில் இல்லாத ஒரு பொருளின் பெயரைக் கேளுங்கள். அது எத்தனை முழம், எத்தனை சாண், எங்கே இருந்தது என்று கேளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். செய்து முடித்ததும் அடியில் அதன் பெயரையும், சொன்னவரின் பெயரையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

கேட்பதற்கு அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இன்னும் ஒரு பூச்சு வெள்ளை பாக்கி இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் முடித்துவிடுவோம்.